தேள் பச்சை குத்திய கை

ஜூலை 21, திங்கள்

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. செப்டம்பர் ஏழு, ஞாயிறு, வளர்பிறை முகூர்த்தம். மாப்பிள்ளை கருணாகரன் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். என் பெண் மேகலா பி.எஸ்ஸி. படித்ததை அப்படியே முழுங்கிவிட்டான். போட்டால்தான் வாங்குவேன் என்று திருப்பி அனுப்பினேன்.

இந்தச் சம்பந்தம் வந்த கதையை எழுதி வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் மாஸ்டர், ரிட்டயரான டிராயிங் வாத்தியார், தபால்தலைப் பைத்தியம். ஒன்பது வருஷமாகப் புதுத் தபால்தலை வரும் நாளில் என் கவுன்டருக்கு முதல் ஆள் அவர்தான். வெள்ளை உறையில் தானே படம் வரைந்து கொண்டுவருவார். தபால்தலையை ஒட்டி நீட்டி, "மை பரவாம குத்துங்கம்மா" என்பார். நான் பரவாமல் குத்துவேன். "இவ்ளோ சுத்தமா முத்திரை குத்தற அம்மாவோட பொண்ணு எப்படி இருக்கும்" என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார். சுலோசனா, எழுதுகிற நீயே சிரிக்காதே, நடந்தது அதுதான்.

இன்று பூ வாங்கப் போன இடத்தில் மாஸ்டரைப் பார்த்தேன். இதற்கு முன்னால் மகனுக்குப் பார்த்த இடம் ஏன் தட்டிப்போனது என்று அவராகவே சொன்னார். "பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா. சித்தப்பனுக்குப் பெருவியாதியாம். ரத்தத்துல ஓடறதாச்சே, யார் கண்டா. விட்டுட்டோம்." நான் "சரிதான்" என்றேன். வேறென்ன சொல்வது?

மேகலா திட்டினாள். கொதிக்கிற பால் பாத்திரத்தைத் துணி இல்லாமல் பிடித்தேனாம். சுண்டுவிரலில் கொப்புளம். கவனக்குறைவு.

ஜூலை 24

புதுத் தபால்தலை பற்றிச் சுற்றறிக்கை வந்தது. ஆகஸ்ட் 18 வெளியீடு. தொழுநோய் மருத்துவர்களின் சர்வதேச மாநாட்டு நினைவாக. ஐம்பது காசு. படத்தில் இரண்டு கைகள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் மூன்று மாதத் துணியை எடுத்துப் போட்டுத் துவைத்தேன்.

ஜூலை 25

எழுதியே தீரவேண்டும், இல்லாவிட்டால் வாய் தவறி யாரிடமாவது உளறிவிடுவேன். இந்த டைரியை அரிசி டிரம்முக்கு அடியில் வைக்கிறேன்.

அந்த இரண்டும் ஒரே கை. இடது பக்கம் விரல்கள் உள்ளே மடங்கிக் கொக்கி போட்டிருக்கிறது. வலது பக்கம் அதே கை நிமிர்ந்து விரிந்திருக்கிறது. ஒரே கைதான் என்று காட்டுவதற்காக மணிக்கட்டுக்குக் கீழே சுண்டுவிரல் ஓரமாக இருந்த பச்சையையும் படம் போட்டவன் விடாமல் வரைந்திருக்கிறான். ஒரு தேள். கொடுக்கு தப்பான பக்கம் வளைந்த தேள். பச்சை குத்தியவள் ஊசி வைத்தபோது நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன், அதனால் வந்த கோணல். எட்டு வயது எனக்கு.

அது என் கை.

பதினேழு வயதில் அம்மா என்னை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பேரைக் கேட்டபோது "பவுனம்மா" என்று பொய்ப் பேர் சொல்லிவிட்டாள். ஊரை மட்டும் மாற்றத் தோன்றவில்லை. டாக்டர் ஐசக் அப்போது சின்ன வயதுக்காரர். முழங்கையிலிருந்து ஒரு நரம்பை இழுத்து விரலில் வைத்துத் தைத்தார். பதினோரு மாதம் அங்கே இருந்தேன். வியாதி போயிற்று, விரல் நிமிர்ந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்டோ பிடித்தார்கள். "உன் கை பல பேருக்குப் பாடம்மா" என்றார் டாக்டர். அந்தக் கையால் எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினேன், இந்த வேலையும் வாங்கினேன். சுண்டுவிரல் பக்கம் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தெரியும். "குணமாயிடுச்சில்ல, அப்புறம் என்ன" என்றவர். அம்மா போனாள், அவரும் ஆறு வருஷம் முன்னால் போனார். இனி தெரிந்தவர் யாருமில்லை என்று இருந்தேன். மேகலாவுக்கும் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

கவுன்டரில் என்னைத் 'தேளம்மா' என்பார்கள். ஊர் முழுக்கப் பார்த்த கை இது.

ஜூலை 30

இன்று ஒரு காரியம் செய்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் செய்யாதது.

காலையில் பை பிரித்தபோது ஒரு நீளக் கவர். மேலே ஆஸ்பத்திரியின் பேர். விலாசம்: பவுனம்மாள், மேல்தாங்கல் கிராமம். என் அம்மா ஊர். எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் அங்கே தபால் போகும். போனால் தபால்காரர் டீக்கடையில் நின்று "யாருப்பா பவுனம்மா, ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்குது" என்பார். அந்த ஊரில் கிழங்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நினைவிருக்கிற எவளாவது ஒருத்தி என் அம்மா பேரைச் சொல்லிவிடுவாள்.

என் கடிதம்தான். பிரிக்கவில்லை. பிரித்தால் நான்தான் அவள் என்று ஆகிவிடும். மேசைக்குள் மறைத்து வைத்துப் பத்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மேல்தாங்கல் தபால்காரர் எழுதுகிற மாதிரி கோணல் எழுத்தில், பின்பக்கம் சிவப்பு மையில் எழுதினேன்: 'விலாசதாரர் காலமானார். அனுப்பியவருக்கே திருப்பவும்.' முத்திரை குத்தித் திரும்புகிற கடிதக் கட்டோடு வைத்தேன். பக்கத்தில் தபால்காரர் ஜலால் பாய் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, முகம் வெளுத்திருக்குது, சாப்பிட்டீங்களா?" என்றார்.

சாப்பிடவில்லை. செத்துப்போன அன்றைக்கு யார் சாப்பிடுவார்கள்!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஏகாம்பரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சுற்றறிக்கைப் படத்தை நான் காட்டியே ஆகவேண்டியதாகிவிட்டது. மூக்குக்கு நேரே பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"அடேயப்பா! என்ன கோடு, என்ன கோடு! வியாதி படம்னாலும் அழகாப் போட்டிருக்கான் சம்மந்தியம்மா. இது என்ன, மணிக்கட்டுல கறுப்பா? மச்சமா?"

"அச்சுப் பிசிறா இருக்கும்."

"பிசிறு ரெண்டு கையிலயும் ஒரே இடத்துல விழுமா? இருக்கட்டும், பெருசா அச்சடிச்ச விவரத்தாள் வருமில்ல, அதுல தெரிஞ்சுடும். இந்தத் தடவை உறையில கையைத்தான் வரையப் போறேன். பொம்பளை கை எனக்கு வரமாட்டேங்குது. நீங்க ஒரு பத்து நிமிஷம் இப்படி மேசை மேல கையை வெச்சீங்கன்னா..."

நான் முந்தானையைக் கையோடு சுற்றிக்கொண்டு எழுந்தேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்றேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. "அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல மனிதர். அதுதான் என்னை வதைக்கிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மேகலா அவரை வாசல் வரைக்கும் வழியனுப்பினாள். திரும்பி வரும்போது பாடிக்கொண்டே வந்தாள். இந்தப் பெண் பாடி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஆகஸ்ட் 5

பார்சலுக்கு அரக்கு வைக்கும் நேரம், மூன்று மணி. போஸ்ட் மாஸ்டர் தணிகாசலம் சார் பாங்குக்குப் போயிருந்தார், ஜலால் பாய் டெலிவரிக்குப் போயிருந்தார். அரக்குக் குச்சியைப் பற்ற வைத்தேன். முதல் சொட்டு பார்சல் முடிச்சில். அடுத்தது தேள் மேல். பிறகு இன்னொன்று. பிறகு குச்சியையே வைத்து அழுத்தினேன். காய்ந்ததும் பிய்த்தேன். தோலோடு வந்தது. கொடுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. மறுபடியும் ஊற்றினேன்.

வலிக்கவில்லை. நாற்றம் மட்டும் வந்தது. வலித்திருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

'அரக்குக் கொட்டிவிட்டது' என்று எல்லோரிடமும் சொன்னேன். தணிகாசலம் சார் பர்னால் தடவிக் கட்டுப்போட்டுவிட்டார். பாவம், அவருக்கு விபத்து அறிக்கை எழுதும் வேலை வேறு.

ஆகஸ்ட் 6

மேகலா கட்டைப் பார்த்து அழுதாள். நான் அவளைத் திட்டினேன்.

ஆகஸ்ட் 12

தபால்தலைகள் வந்துவிட்டன. பத்துத் தாள். ஒரு தாளில் முப்பத்தைந்து தலை, ஒரு தலையில் இரண்டு கை. எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியது என் வேலை. எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. பதினெட்டாம் தேதி வரை வெளியே விடக்கூடாது என்பது விதி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம். சாவியைக் கிணற்றில் போட்டால் என்ன என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். இந்தியா முழுக்க எத்தனை பெட்டகம், எத்தனை சாவி? பைத்தியக்காரி.

பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவினோம். இருநூறு. கைக்கட்டு ஈரமாகிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு முத்திரையில் தேதி மாற்றிப் பதிவுப் புத்தகத்தில் ஒன்று குத்திப் பார்த்தேன். தெளிவாக விழுந்தது. பத்து மணிக்கு மாஸ்டர் வந்துவிட்டார். கையில் உறைகள், கூடவே அன்றைய பேப்பர்.

"சம்மந்தியம்மா, பார்த்தீங்களா? நேத்து மாநாடு ஆரம்பிச்சிருக்குது. ஆபரேஷன் பண்ண டாக்டர் பேசியிருக்கார். அந்தக் கைக்குச் சொந்தக்காரம்மாவைத்தான் மேடையில ஏத்தி முதல் தலையைக் கொடுக்கணும்னு கூப்பிட்டிருக்காங்க. லெட்டர் திரும்பி வந்துடுச்சாம். இறந்துட்டாங்களாம், பாவம்! எல்லா நாட்டு டாக்டருங்களும் எழுந்து நின்னு மௌனமா அஞ்சலி செஞ்சாங்களாம். படிக்கறப்பவே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. நின்றிருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

விவரத்தாளில் தேள் பெரிதாக இருந்தது. கொடுக்கு கோணலாக. மாஸ்டர் அதன் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"உங்க கையிலயும் தேள்தானே இருந்துச்சு?"

"அந்தக் காலத்துல யாருக்குத்தான் இல்ல?"

"அதுவும் சரிதான். எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. அந்தம்மாதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே."

ஆக, நான் செத்தது உதவியது. சிவப்பு மையில் எழுதிய நாலு வார்த்தை என் பெண்ணைக் காப்பாற்றிவிட்டது. சந்தோஷப்பட வேண்டும்.

அப்புறம் உறைகளை நீட்டினார். அழகாக வரைந்திருந்தார், இரண்டு கையும். "உங்க கைதான் வெந்து கிடக்குதேன்னு, போன வாரம் மேகலாவை உக்கார வெச்சு வரைஞ்சேன். விரல் அப்படியே பொருந்திச்சு, பாருங்க!"

என் பெண்ணின் விரல்கள். அவள் மணிக்கட்டில், விவரத்தாளைப் பார்த்து இப்போதுதான் கவுன்டரிலேயே நின்று சேர்த்த தேள். கட்டுப்போட்ட கையால் முத்திரையை எடுத்து அதன் மேல் குத்தினேன். முதல் உறையிலேயே மை பரவிவிட்டது. அவர் அடுத்த உறையை நீட்டினார்.

சாயந்திரத்துக்குள் ஒரு தாள் விற்றுவிட்டது. நானே விற்றேன்.

ஆகஸ்ட் 23

கை மணிக்கட்டிலிருந்து வீங்கியிருக்கிறது. காய்ச்சல். அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. கட்டுத்துணியில் வாடை வருகிறது என்று ஊதுவத்தி ஏற்றி வைத்திருக்கிறேன். தெருமுக்கு டாக்டர் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என் கையில இல்லம்மா. விரலெலும்பு வரைக்கும் சீழ் போயிருக்கும்போல. உடனே அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லவே வேண்டாம். கைக்கு என்று ஒரே ஆஸ்பத்திரிதான்.

இன்னும் பதினைந்து நாள். கல்யாணம் முடிந்த மறுநாள் போகிறேன்.

ஆகஸ்ட் 26

புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். முழுக்கை.

ஆகஸ்ட் 28

மேகலா பார்த்துவிட்டாள். நான் குளிக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கட்டைப் பிரித்தாள். பிறகு விரலால் ஓரத்தில் தொட்டாள். தொட்டது எனக்குத் தெரியவில்லை, அவள் விரலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அம்மா, வலிக்கலையா?"

"லேசா."

"பொய் சொல்லாதே. சின்ன வயசுலேருந்து பார்க்கறேன். சுட்டாத் தெரியாது, வெட்டினாத் தெரியாது. என்னம்மா இது?"

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையென்றால் மாஸ்டரைக் கூப்பிட்டு அவரையே கூட்டிப்போகச் சொல்வாளாம். என் பெண்தானே, என் பிடிவாதம்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிற இடத்தில் "முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சுலோசனா என்று புதுச் சீட்டுப் போட்டார்கள். வழியெல்லாம் அந்தத் தபால்தலையைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். சுவர் சுவராக என் கை. கீழே ஒரு மாலை.

சின்ன டாக்டர் பார்த்தார், முகம் மாறியது, வெளியே போனார். திரும்பி வரும்போது கூடவே டாக்டர் ஐசக். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை எடுத்துத் திருப்பினார். முழங்கையில் இருக்கிற பழைய தழும்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்து, வெந்த இடத்தில் நிறுத்தினார்.

"பவுனம்மா" என்றார்.

மேகலா பக்கத்தில் நிற்கிறாள்.

"அது நான் இல்லீங்க டாக்டர்" என்றேன். "அவங்க செத்துட்டாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு. "சரிம்மா" என்றார். "சுலோசனாம்மா, ரெண்டு விரலை எடுக்கணும். தாமதம் பண்ணினா கையே போயிடும்." அவர் நிமிர்த்திக்கொடுத்த விரல்கள். நான் அவரிடம் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

மேகலா என்னை வெராந்தாவில் உட்கார வைத்தாள். சுவரில் இருந்த படத்துக்குக் கிட்டப் போனாள். ரொம்ப நேரம் நின்றாள். திரும்பி வந்து, "எல்லாத்தையும் சொல்லு" என்றாள். சொன்னேன். தொழுநோய் என்ற வார்த்தையை முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். வார்த்தை வாயிலிருந்து வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மாஸ்டர் வீட்டுல சொல்லாதே, காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்றேன்.

செப்டம்பர் 2

இது இடது கையால் எழுதுவது. நேற்று விரல்களை எடுத்தார்கள். சுண்டுவிரல், மோதிர விரல். டைரியைப் பிரிக்காமல் எடுத்து வா என்று மேகலாவிடம் சொல்லியிருந்தேன்.

அவள் மாஸ்டர் வீட்டில் சொல்லிவிட்டாள். "நானே போய்ச் சொன்னேன்" என்கிறாள்.

மாஸ்டர் வந்தார். வார்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அழுதார். நிஜமாக அழுதார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க சம்மந்தியம்மா. படிச்சவன் நான், குணமாயிடும்னு தெரியும். வீட்டுல, சொந்தத்துல, யார் வாயை அடைக்கறது? ஒரு யோசனை சொல்றேன். கல்யாணம் நடக்கட்டும். நீங்க மட்டும் மண்டபத்துக்கு வர வேணாம். உடம்பு முடியலைன்னு சொல்லிக்கலாம். அப்புறமும் போக்குவரத்து வேணாம். மேகலாவை நாங்க கண்ணு மாதிரி பார்த்துக்கறோம். பேப்பர்ல வந்தது வந்த மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். கும்பிடப் போனேன், கட்டுக் கையோடு கும்பிட வரவில்லை. அவள் நன்றாக இருந்தால் போதும். பார்க்காவிட்டால் என்ன, நான் தபால்காரி, எழுதிக்கொள்ளலாம். ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. ரொம்ப நிம்மதியாக.

கையெழுத்து கோணுகிறது. போதும்.

செப்டம்பர் 3

எழுதுவது மேகலா. டைரியைப் பிரிக்காதே என்றாய். பிரித்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன்.

காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். நிச்சயத்துக்கு வந்த பூ, தட்டு, புடவை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கருணாகரன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் மாமாதான் பேசினார். "உங்கம்மாவே ஒத்துக்கிட்டாங்களேம்மா" என்றார். "அம்மா ஒத்துக்குவா, நான் ஒத்துக்கலை" என்றேன். பஸ்ஸில் அழுதேன். எனக்குக் கருணாகரனைப் பிடித்திருந்தது அம்மா. அதையும் எழுதி வைக்கிறேன், நீ எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய் அல்லவா?

நீ தூங்குகிறாய். கட்டுப்போட்ட கை என் மடியில் இருக்கிறது. நர்ஸ் வந்து பேஷன்டுக்கு என்ன உறவு என்று கேட்டாள். மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுந்ததும் படிப்பாய். படித்துவிட்டுத் திட்டுவாய். திட்டு.